பழைய ஸ்போர்ட்ஸ் கார் பார்க்கப் போனோம்: எஞ்சின் அனுபவங்கள்

மூன்று மாதமாக ஒரு பழைய போர்ஷே 911 தேடிக்கொண்டிருக்கிறேன். 997 தலைமுறை, மேனுவல் கியர். நான்கு வண்டி பார்த்தாகிவிட்டது, கையில் எடுக்க மனம் வரவில்லை. காரணம் எஞ்சின்தான். 997-க்கு முந்தைய தலைமுறையான 996-இன் சாதாரண மாடல்களிலும் 2008 வரை வந்த சாதாரண 997-லும் இருக்கும் ஐ.எம்.எஸ். பேரிங் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்கும். பிஸ்டன்கள் சுற்றும் கிராங்க் தண்டின் சுழற்சியை, வால்வுகளைத் திறக்கும் கேம்களுக்குக் கொண்டுபோகும் இடைத்தண்டின் ஒரு முனையைத் தாங்குவது அது. உடைந்தால் டைமிங் தவறி வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும், எஞ்சினே போய்விடும். பின்னால் வந்த பெரிய பேரிங் அவ்வளவு எளிதில் உடைவதில்லை என்கிறார்கள். ஆனால் அதை மாற்ற எஞ்சினையே இரண்டாகப் பிரிக்க வேண்டும். 2009 மாடல் எஞ்சினில் அந்தத் தண்டே கிடையாது. அதுவரை என் கை எட்டவில்லை.

போன வாரம் பார்த்தது 2007 மாடல், 3.8 லிட்டர். மொத்தமே 38,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது. பெயின்ட் புதுசு போல இருக்கிறது. இவ்வளவு குறைவாக ஓடியதை நம்பி வாங்கலாமா? வாங்கியவர்களும் வேண்டாம் என்று திரும்பி வந்தவர்களும் நடந்ததை அப்படியே சொல்லுங்கள்.

* * *

கிலோமீட்டரை நம்பி வாங்கியவன் நான். என் வண்டி எந்தக் கம்பெனி என்பது இங்கே தேவையில்லை, தவறு வண்டியுடையது அல்ல. அதிக ஆர்பிஎம்மில் ஓடும் ஆறு சிலிண்டர் கூப்பே. நான் போனபோது பானெட் வெதுவெதுப்பாக இருந்தது. "நீங்கள் வருகிறீர்கள் என்று கழுவி, ஒரு ரவுண்டு போய்விட்டு வந்தேன்" என்றார் விற்றவர். மரியாதைக்குச் செய்திருக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

மூன்று வாரம் கழித்து, இரவு முழுக்கக் குளிரில் நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்தபோது அடியிலிருந்து டக் டக் டக் என்று ஒரு சத்தம். ஐந்தாறு நொடிதான், அப்புறம் நின்றுவிட்டது. மறுநாளும் அதே. ஆயிலை வடித்து, ஃபில்டரை வெட்டி, உள்ளே இருந்த காகித மடிப்பை வெள்ளைத் துணியில் விரித்தோம். மடிப்புக்கு மடிப்பு பொடிப்பொடியாக மினுங்கியது. மெக்கானிக் காந்தத்தைக் கிட்டே கொண்டுபோனார், ஒரு துகள்கூட ஒட்டவில்லை. அவர் முகம் மாறியதை இன்னும் மறக்க முடியவில்லை. இரும்பாக இருந்தால் ஒட்டியிருக்கும். ஒட்டாதது பேரிங்கின் உலோகம்.

எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பைக் கழற்றி, பிஸ்டனையும் கிராங்க்கையும் இணைக்கும் கனெக்டிங் ராட்களின் பேரிங்குகளை எடுத்தார். பாதி வளையம் போல இருக்கும் மெல்லிய தகடுகள். மேலே சாம்பல் நிறப் பூச்சு இருக்க வேண்டும். இரண்டில் அது தேய்ந்து, அடியில் இருக்கும் செம்பு தெரிந்தது. கிராங்க்கில் கீறல் விழவில்லை, அந்த மட்டும் தப்பித்தேன். இன்னும் ஒரு மாதம் ஓட்டியிருந்தால் எஞ்சினையே மாற்ற வேண்டி வந்திருக்கும்.

அந்த வண்டி வருஷத்துக்கு ஆயிரம் கிலோமீட்டர்கூட ஓடவில்லை. ஓடியதெல்லாம் பத்து நிமிஷ ஓட்டம். ஆயில் சூடாகுமுன் நிறுத்திவிடுவார்கள், உள்ளே ஈரம் தங்கும், ஆயிலோ வருஷக்கணக்கில் மாற்றப்படாமல் கிடக்கும். அதற்கு மேல், ஆயில் கெட்டியாக இருக்கும்போதே ஆக்ஸிலரேட்டரை முறுக்கியிருப்பார்கள். பிஎம்டபிள்யூ இ46 எம்3-ல் ஆர்பிஎம் காட்டும் டாக்கோமீட்டரைச் சுற்றி ஆரஞ்சு விளக்குகள் இருக்கும், ஆயில் சூடாகச் சூடாக ஒவ்வொன்றாக அணையும். அதுவரை முறுக்காதே என்று வண்டியே சொல்கிறது. முந்தைய ஓனர் கேட்டாரா என்பது எந்தப் பேப்பரிலும் இருக்காது.

இப்போது நண்பர்களுக்கு வண்டி பார்க்கப் போனால் பெயின்ட்டைக்கூடப் பார்ப்பதில்லை. முதலில் எக்ஸாஸ்ட் பக்கம் கை வைப்பேன். சூடாக இருந்தால் "நாளைக்கு வருகிறேன், தொடாமல் வையுங்கள்" என்று திரும்பிவிடுவேன்.

* * *

இது சின்ன விஷயம், ஆனால் என்னைக் காப்பாற்றியது. "ஒரு வார்னிங் லைட்கூட இல்லை" என்றார் விற்பவர். உண்மைதான். வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனரை மாட்டினேன், எரர் கோடு (பிழைக் குறியீடு) எதுவும் இல்லை. ஆனால் ரெடினஸ் மானிட்டர்கள், அதாவது வண்டி தன்னைத்தானே சோதித்து முடித்ததா என்று காட்டும் பதிவுகள், பெரும்பாலும் "முடியவில்லை" என்று காட்டின. எரர் கோடுகளை அழித்தாலோ பேட்டரியைக் கழற்றினாலோ அவை ஆரம்ப நிலைக்குப் போய்விடும், திரும்பச் சரியாகச் சில நாள் ஓட்டம் வேண்டும். "ஒரு வாரம் ஓட்டுங்கள், வந்து பார்க்கிறேன்" என்றேன். அதற்கப்புறம் அவர் போனை எடுக்கவே இல்லை.

* * *

பயத்திலேயே எல்லோரும் எழுதுகிறோம், நல்லதும் நடக்கும். நான் வாங்கியது மாஸ்டா ஆர்எக்ஸ்-8. ரோட்டரி என்றதும் வேண்டாம் என்று சொல்லாத ஆளில்லை. பிஸ்டனுக்குப் பதில் முக்கோண ரோட்டர் இரண்டு, ஒவ்வொரு முனையிலும் ஒரு சீல். அந்த சீல் தேய்ந்தால் கம்ப்ரஷன், அதாவது உள்ளே காற்று அழுத்தப்படும் அளவு, விழும். சாதாரண கம்ப்ரஷன் கேஜ் இதற்குப் போதாது. ஒரு ரோட்டருக்கு மூன்று முகம், மூன்றையும் தனித்தனியாகக் காட்டும் ரோட்டரி டெஸ்டர் வேண்டும். விற்றவரே என்னோடு வந்து உட்கார்ந்து டெஸ்ட் எடுக்கவிட்டார். ஆறு எண்ணும் கிட்டத்தட்ட ஒன்றுபோல வந்தன.

இதில் குளிர்ந்த ஸ்டார்ட் மட்டும் போதாது. நன்றாகச் சூடேற்றி, அணைத்து, பத்து நிமிஷம் விட்டு மறுபடி சாவியைத் திருப்ப வேண்டும். கம்ப்ரஷன் விழுந்த ரோட்டரி அப்போதுதான் இழுத்துக்கொண்டே இருக்கும், பற்றாது. என்னுடையது உடனே பற்றியது. ஒன்று கவனியுங்கள், இந்த எஞ்சின் சீல்களுக்காகவே கொஞ்சம் ஆயிலை உள்ளே விட்டு எரிக்கும். ஆயில் குறைகிறதே என்று பதற வேண்டாம், டிப்ஸ்டிக்கைப் பார்த்து ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். நான்கு வருஷமாக அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

* * *

911 கேட்ட நண்பருக்கு. 3.8-ல் நான் ஐ.எம்.எஸ்.ஸைவிட அதிகம் பயப்படுவது சிலிண்டர் சுவரில் விழும் கீறலுக்குத்தான். பக்கத்தில் நின்று கேளுங்கள், ஒரு பக்கத்திலிருந்து மட்டும் டிக் டிக் என்று வருகிறதா. இரண்டு எக்ஸாஸ்ட் குழாய்க்குள்ளும் விரலை விட்டுத் துடையுங்கள், ஒன்றில் மட்டும் கரி அதிகமா. பிளக் துளை வழியாக போரோஸ்கோப் என்ற குட்டிக் கேமராவை விட்டுப் பார்த்து "சுத்தம்" என்று யாராவது சொன்னால் அதோடு நிறுத்தாதீர்கள். கீறல் பெரும்பாலும் சுவரின் கீழ்ப்பகுதியில்தான், சம்ப்பைக் கழற்றி அடியிலிருந்து பார்த்தால்தான் தெரியும். செலவுதான், செய்யுங்கள்.

கூடவே எஞ்சின் கம்ப்யூட்டரான ஈசியூவிலிருந்து ஓவர்ரெவ் பதிவையும், அதாவது எஞ்சின் அளவுக்கு மீறிச் சுற்றிய கணக்கையும், எடுக்கச் சொல்லுங்கள். 997-ல் அது ஆறு நிலைகளாக இருக்கும், கடைசியாக எஞ்சின் மொத்தம் எத்தனை மணி நேரம் ஓடியிருந்தபோது நடந்தது என்பதும் வரும். ஐந்தாவதுக்குப் போக வேண்டிய கியர் மூன்றாவதில் விழுந்தால் ஆர்பிஎம்மைக் கட்டுப்படுத்தும் ரெவ் லிமிட்டரால் ஒன்றும் செய்ய முடியாது, சக்கரமே எஞ்சினைச் சுற்றிவிடும். மேல் நிலைகளில் எண் இருந்து, அதுவும் அண்மையில் என்றால் நான் வாங்க மாட்டேன். எப்போதோ நடந்து, அதற்குப் பின் நூறு மணி நேரத்துக்கு மேல் ஓடியிருந்தால் யோசிக்கலாம்.

* * *

எல்லோருக்கும் நன்றி. நேற்றுக் காலை ஆறரைக்கே அந்த 2007 911-ஐப் பார்க்கப் போய்விட்டேன். எக்ஸாஸ்ட் சில்லென்று இருந்தது. ஸ்டார்ட் செய்ததும் ஒரு நொடி புகை, அப்புறம் சீரான சத்தம். காதை எவ்வளவு கூர்மையாக வைத்தும் டிக் எதுவும் கேட்கவில்லை. ஆனால் இடது குழாயைவிட வலது குழாய் கொஞ்சம் கருப்பு. துணியில் இரண்டு கோடாகத் துடைத்து விற்பவரிடமே காட்டினேன். அவர் கோபப்படவில்லை. "எனக்கும் தெரிய வேண்டும்தான்" என்றார். சம்ப் கழற்றும் செலவைப் பாதிப் பாதி போட்டுக்கொள்வதாகப் பேசியிருக்கிறோம். சனிக்கிழமை வண்டி லிஃப்டில் ஏறுகிறது. படங்களை இங்கே போடுகிறேன், சுவரைப் பார்த்துச் சொல்லுங்கள்.