ஃபியர் (2005) கணினி ஆட்டம்: எக்கோபேட்ச் போட்டும் ஐந்து நிமிடத்தில் திக்குகிறது, உதவுங்கள்

நொண்டிச்சிப்பாய்:
அவசரம். எக்கோபேட்ச் என்ற ரசிகர் திருத்தத்தை இறக்கி, போடச் சொன்ன இடத்தில் போட்டுவிட்டேன். முதல் ஐந்து நிமிடம் எண்ணெய் விட்ட மாதிரி ஓடுகிறது. அப்புறம் நொடிக்கு 25 ஃபிரேமுக்கு விழுகிறது. மூடிவிட்டுத் திறந்தால் சரி, திரும்ப ஐந்து நிமிடத்தில் அதே கதை. ஆர்டிஎக்ஸ் 3060 கிராஃபிக்ஸ் கார்டு போதாதா இந்த ஆட்டத்துக்கு? மினிகன் கைக்கு வந்து, சரி இனிமேல்தான் விளையாட்டே என்று உட்கார்ந்தால், ஸ்லோமோஷன் பட்டனை அமுக்காமலே எல்லாம் ஸ்லோமோஷனில் நகர்கிறது. திங்கள் வேலைக்குப் போகணும், அதற்குள் முடிக்கணும்.

கரண்ட்கம்பி:
எந்தக் கடையில் வாங்கினீர்கள், ஸ்டீமா, ஜிஓஜியா? விண்டோஸா, லினக்ஸா? "போடச் சொன்ன இடம்" என்றால் எந்த இடம்?

மெழுகுவத்தி:
சாஃப்ட் ஷேடோஸ் (நிழல் விளிம்பை மென்மையாக்குவது) ஆனில் இருக்கும். அணைத்துப் பார். அந்தக் காலத்திலேயே கார்டுகளை மண்டியிட வைத்த வசதி அது. கோடுகளின் பிசிறை மழுங்கடிக்கும் ஆன்டிஅலையாசிங்கோடு சேர்த்துப் போட்டால் ஒத்தே வராது.

கரண்ட்கம்பி:
சாஃப்ட் ஷேடோஸ் என்றால் முதல் நிமிடத்திலேயே இழுக்குமே. இவருக்கு ஐந்து நிமிடம் கழித்துத்தானே விழுகிறது?

பழம்பெருச்சாளி:
தம்பி, தேடிப் பார்த்துவிட்டுக் கேட்கும் பழக்கமே போய்விட்டது. இது ஊரறிந்த நோய். ஃபியர் விண்டோஸின் பழைய டைரக்ட்இன்புட் வழியாக உள்ளீட்டுக் கருவிகளைத் தேடும். நிறைய பட்டன் வைத்த கீபோர்டும் மவுஸும் ஒரே கருவியாகத் தெரியாமல் நான்கைந்து எச்ஐடி (உள்ளீட்டு) கருவிகளாகத் தெரியும். ஆட்டம் அவற்றைத் தேவையில்லாமல் திரும்பத் திரும்பத் துவக்கிக்கொண்டே இருக்கும். அந்தச் சுமை ஏற ஏற ஃபிரேம் இறங்கும். மூடித் திறந்தால் பூஜ்யத்திலிருந்து மறுபடி ஏறும். உன் கார்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. பேட்ச் எல்லாம் வருமுன் நாங்கள் டிவைஸ் மேனேஜரைத் திறந்து எச்ஐடி வரிசையில் ஒவ்வொன்றாக முடக்கி விளையாடியவர்கள். மவுஸையே முடக்கிக்கொண்டு முழித்தவர்களும் உண்டு.

கரண்ட்கம்பி:
அண்ணா, எக்கோபேட்ச் அதைத்தானே சரிசெய்கிறது? அவர்தான் போட்டுவிட்டேன் என்கிறாரே.

பழம்பெருச்சாளி:
போட்டேன் என்று எல்லோரும்தான் சொல்வார்கள்.

சாம்பல்நிறம்:
டிஎக்ஸ்விகே போடுங்கள், எல்லாம் சரியாகும். எனக்கு எல்லாப் பழைய ஆட்டத்துக்கும் அதுதான் மருந்து.

கரண்ட்கம்பி:
அது டைரக்ட்3டியை வல்கனாக மாற்றுவது. கீபோர்டு பிரச்சினைக்கு அது என்ன செய்யும்? தலைவலிக்குக் காலில் தைலம் தேய்க்கிற கதை.

நொண்டிச்சிப்பாய்:
ஸ்டீம். விண்டோஸ் 11. சாஃப்ட் ஷேடோஸ் அணைத்தேன், அதே நிலைதான். கீபோர்டில் மேக்ரோ பட்டன்கள் இருக்கின்றன, ஆமாம். பேட்சின் இரண்டு ஃபைலும், அதாவது டிஎல்எல்லும் ஐஎன்ஐயும், ஆட்டத்தை ஓட்டும் ஃபியர்.எக்ஸி பக்கத்திலேயே இருக்கின்றன, இப்போதுகூடப் பார்த்தேன்.

மெழுகுவத்தி:
அப்படியே ஏஐ வைத்துப் பெரிதாக்கிய டெக்ஸ்சர் (சுவர், தரை மேல் ஒட்டும் படங்கள்) தொகுப்பு ஒன்றும் போட்டுக்கொள்ளுங்கள். சுவரெல்லாம் புதுசாகிவிடும்.

பழம்பெருச்சாளி:
பிரச்சினையோடு வந்தவனுக்கு இன்னொரு பிரச்சினையா? அந்தத் தொகுப்புகள் ஆட்டத்தையே கெடுக்கின்றன. ஃபியரின் அழகு சுவரில் இல்லை, சுவரைச் சுடும்போது கிளம்புகிற தூசியில் இருக்கிறது. ஷாட்கன்னால் ஒரு தூணை அடித்தால் சிமென்ட் பொடி பறந்து எதிரியே மறைந்துபோவான். ரேடியோவில் குரல் மட்டும் கேட்கும். அந்த வெறும் அலுவலக நடைபாதை வெறுமையாக இருப்பதே வேண்டுமென்றுதான்.

மெழுகுவத்தி:
வெறுமையாக இருக்கலாம், மங்கலாக ஏன் இருக்கணும்? 1024க்கு வரைந்த சுவரை 4கேயில் பார்த்தால் தண்ணீர் தெளித்த செய்தித்தாள் மாதிரி இருக்கிறது. எழுத்தின் அளவை எக்கோபேட்ச் பெரிதாக்கினால் "ஆகா", சுவரை நாங்கள் தெளிவாக்கினால் "கெடுக்கிறீர்கள்". என்ன நியாயம்?

பழம்பெருச்சாளி:
எழுத்தைப் படிக்க முடியாமல் இருந்தது. அது பழுது, சரிசெய்தார்கள். 60 ஃபிரேமைத் தாண்டினால் விழுந்த உடல்களும் குதிக்கும் உயரமும் கன்னாபின்னாவென்று மாறின, அதுவும் பழுது. சுவர் பழுதில்லை. பளபளப்பான சுவரில் பழைய குண்டுத்துளை ஒட்டினால் ஸ்டிக்கர் ஒட்டின மாதிரி தெரியும். ஏணிக் காட்சியை எடுத்துக்கொள். இறங்கத் திரும்புகிறாய், மேலே அந்தச் சிவப்பு கவுன் சிறுமி நிற்கிறாள். அந்த நொடியில் டெக்ஸ்சரை எவன் பார்ப்பான்?

மெழுகுவத்தி:
அந்த நொடியில் பார்க்கமாட்டார்கள் என்பதால் மற்ற எட்டு மணி நேரமும் பார்க்கக்கூடாதா?

ஊமைக்குயில்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். முதல் பதிவில் மினிகன் என்று எழுதியிருக்கிறாரே, யாரும் கவனிக்கவில்லையா? மூல ஃபியரில் மினிகன் கிடையாது. அது 2006இல் டைம்கேட் நிறுவனம் செய்த கூடுதல் பாகமான எக்ஸ்ட்ராக்‌ஷன் பாயின்டில் சேர்ந்தது. நொண்டிச்சிப்பாய், நீங்கள் ஆடுவது அதைத்தானே? அதற்குத் தனி எக்ஸி. ஃபியர் ஃபோல்டருக்குள் ஃபியர்எக்ஸ்பி என்று இன்னொரு ஃபோல்டர் இருக்கும், அதற்குள் இருக்கிறது. பேட்சின் டிஇன்புட்8.டிஎல்எல் எந்த எக்ஸி ஓடுகிறதோ அதன் பக்கத்தில் இருந்தால்தான் விண்டோஸ் அதை முதலில் எடுக்கும். இல்லாவிட்டால் தன்னுடைய சொந்த டிஇன்புட்8ஐ எடுத்துக்கொண்டு போய்விடும், பிழைச்செய்தியும் வராது. டிஎல்எல்லையும் ஐஎன்ஐயையும் அந்த உள்ஃபோல்டரில் இன்னொரு முறை போடுங்கள். அடுத்த கூடுதல் பாகமான பெர்சியஸ் மேண்டேட் ஆடும்போது ஃபியர்எக்ஸ்பி2வில் மூன்றாவது பிரதி.

கரண்ட்கம்பி:
அட! எந்த இடம் என்று கேட்டேன், எந்த ஆட்டம் என்று கேட்கத் தோன்றவில்லை.

பழம்பெருச்சாளி:
நான் முதலிலேயே சொன்னேன், போட்டேன் என்பார்கள் என்று. தவிர எக்ஸ்ட்ராக்‌ஷன் பாயின்ட் கதைக்கணக்கிலேயே வராது. 2009இல் இரண்டாம் பாகம் எடுத்தபோது, மூல ஆட்டத்தைச் செய்த மோனோலித் அதைத் தள்ளிவிட்டது. அதற்கு ஏன் இவ்வளவு பாடு?

ஊமைக்குயில்:
கதைக்கணக்கில் வராதது ஃபிரேம் கணக்கிலும் வராதா? அந்த இருட்டு மூல ஆட்டத்தைவிடக் கனமானது. எனக்குப் பிடிக்கும்.

மெழுகுவத்தி:
மோனோலித்தையே 2025 பிப்ரவரியில் மூடிவிட்டார்கள். இனி கணக்கு வைத்து யாருக்கு? இந்த ஆட்டத்தை இனிமேல் பார்த்துக்கொள்ளப் போவது நம்மைப் போல் வேலை வெட்டி இல்லாதவர்கள்தான்.

நொண்டிச்சிப்பாய்:
அதேதான். எக்ஸ்ட்ராக்‌ஷன் பாயின்ட். சொல்ல மறந்துவிட்டேன், மூன்றும் ஒன்றாகத்தானே ஸ்டீமில் கிடைக்கின்றன. இரண்டு ஃபைலையும் காப்பி செய்தேன். நாற்பது நிமிடமாக இறங்கவே இல்லை. நன்றி குயிலக்கா.

ஊமைக்குயில்:
அண்ணன்தான். பரவாயில்லை.

தூக்கம்_வராதவன்:
எனக்கும் இதே பிரச்சினை, ஆனால் லினக்ஸில், விண்டோஸ் ஆட்டங்களை ஓட்டும் புரோட்டான் வழியாக. சரியான ஃபோல்டரில்தான் இருக்கிறது, பேட்ச் எழவே இல்லை.

கரண்ட்கம்பி:
புரோட்டானுக்குள் இருக்கும் வைனுக்குச் சொன்னால்தான் வெளி டிஎல்எல்லை எடுக்கும். லான்ச் ஆப்ஷனில் டிஇன்புட்8க்கு ஓவர்ரைடு கொடுத்தீர்களா? நேட்டிவ் (ஃபோல்டரில் இருப்பது) முதலில், பில்டின் (வைனுடையது) அடுத்து. அப்புறம், மூல ஆட்டமா, எக்ஸ்ட்ராக்‌ஷன் பாயின்டா? இந்த முறை முதலிலேயே கேட்டுவிடுகிறேன்.

மெழுகுவத்தி:
பெருச்சாளி அண்ணே, சுவர் விஷயத்துக்கு இன்னும் பதில் வரவில்லை.