எட்டாம் வகுப்புக் கணக்குக் குழுவில் மூன்று பேர்தான் பேசுகிறார்கள், என்ன செய்யலாம்?

கணக்கு டீச்சர், மண்டபம்:
எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். கடற்கரைக் கிறிஸ்தவப் பிள்ளைகள், முஸ்லிம் பிள்ளைகள், இலங்கைத் தமிழர் முகாம் பிள்ளைகள், ராமேஸ்வரத்தில் ஹோட்டல் வேலைக்கு வந்த பீகார்க்காரர் மகன் ஒருவன் என்று கலவையான வகுப்பு. ‘வாழ்வியல் கணிதம்’ பாடத்துக்காக வாட்ஸ்அப் குழு தொடங்கினேன். கணக்கைப் போட்டதும் அதே மூன்று பேர் விடையைப் போட்டுவிடுகிறார்கள். மற்றவர்கள் கட்டைவிரல் படத்தோடு சரி. பீகார்ப் பையன் எதுவுமே போடுவதில்லை; கரும்பலகையில் மட்டும் கடகடவென்று போடுவான். போதாததற்குப் பாதி வீட்டில் ஒரே ஃபோன், அதுவும் அப்பாவோடு கடலுக்குப் போய்விடுகிறது. மீன்பிடித் தடைக்காலம் 61 நாளும் ஃபோன் வீட்டில் கிடக்கும், ஆனால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை என்றால் பெரும்பாலும் கோடை விடுமுறைதான்!

டியூஷன் அக்கா, தங்கச்சிமடம்:
டீச்சர், முதலில் விடை கேட்பதை நிறுத்துங்கள். நான் இப்படிப் போட்டேன்: மீன் 18,000 ரூபாய்க்கு ஏலம் போனது. டீசல், ஐஸ், சாப்பாடு 6,600. நாலு ஆள் போனார்கள். ஆளுக்கு எவ்வளவு? போட்டுக்கு (படகுக்கு) எவ்வளவு பங்கு என்று வேண்டுமென்றே சொல்லவில்லை. மிச்சம் 11,400இல் பாதி போட்டுக்கு என்று ஒருத்தி ஆளுக்கு 1,425 போட்டாள். எங்கள் வீட்டில் போட்டுக்கு 60 சதவீதம் என்று இன்னொருவன் 1,140 போட்டான். வலைக்குத் தனிப் பங்கு வேண்டாமா என்று மூன்றாவது ஒருத்தி கேட்டாள். அன்று குழு அடங்கவே இல்லை. ஒரு பிள்ளையின் அப்பா, ஐஸ் அந்த விலைக்கு எங்கே கிடைக்கிறது என்று என்னிடமே கேட்டு ஆடியோ அனுப்பினார்.

அப்புறம், யாரும் குழுவில் நேரே போட வேண்டாம். நோட்டுப் பக்கத்தைப் படமெடுத்து உங்களுக்குத் தனியாக அனுப்பட்டும். எல்லாம் வந்ததும் நீங்கள் மொத்தமாகப் போடுங்கள். கூகுள் கிளாஸ்ரூம் செயலியில் குறுவிடைக் கேள்வியாகப் போட்டால் இது தானாகவே நடக்கும், தன் பதிலைக் கொடுத்த பிறகுதான் மற்றவர்கள் பதில் தெரியும். அந்த மூன்று பேரைப் பார்த்து எழுதும் வேலையே இருக்காது. பீகார்ப் பையனுக்கும் படம் போதும். பேச வேண்டுமென்றால் இந்தியிலேயே ஆடியோ போடட்டும், படிகள் நோட்டில் இருக்கின்றன.

கெடு வைக்கும்போது கடலைப் பார்த்து வையுங்கள். எங்கள் பக்கம் விசைப்படகு திங்கள், புதன், சனி போகும். வியாழன் மாலை போட்டு ஞாயிறு இரவு வரை விட்டால் எல்லா வீட்டுக்கும் ஃபோன் ஒரு தடவையாவது வந்துவிடும்.

ஓய்வுபெற்ற வாத்தியார், கீழக்கரை:
டியூஷன் அம்மா சொன்னது நல்ல யோசனை. ஆனால் எல்லாவற்றையும் மீன் கணக்காக்கிவிடாதீர்கள். முகாமில் பல பேரின் அப்பா பெயின்ட் வேலைக்குப் போகிறவர். அந்தப் பிள்ளைக்குச் சுவரின் பரப்பும் லிட்டர் கணக்கும் அத்துப்படி. என்னிடம் படித்த ஒருவன் பின்னம் என்றாலே முழிப்பான். அவனே ஒருநாள் வீட்டுச் சொத்துக் கணக்கைக் கொண்டுவந்தான். இஸ்லாமிய முறைப்படி மனைவிக்கு எட்டில் ஒன்று, மிச்சத்தில் மகனுக்கு இரண்டு பங்கு, மகளுக்கு ஒன்று. இருபத்துநாலால் பிரித்து 3, 14, 7 என்று போட்டுக் காட்டினான். அவனாகக் கொண்டுவந்ததால் சரி. ‘நீ முஸ்லிம், நீ சொல்லு’ என்று நானாகக் கேட்டிருந்தால் அத்தோடு வாயை மூடியிருப்பான். குழுவில் யாரையும் ஊர், மதம் சொல்லிக் கூப்பிடாதீர்கள்.

கணக்கு டீச்சர், மண்டபம்:
நன்றி சார், நன்றி அக்கா. பங்குக் கணக்கோடு பெயின்ட் கணக்கையும் இந்த வியாழன் போடுகிறேன், பிடித்ததை எடுத்துக்கொள்ளட்டும். ஒரு சந்தேகம்: தப்பாகப் போட்ட நோட்டுப் படத்தைப் பெயர் மறைத்துப் போடுவதா, அப்படியே போடுவதா?

டியூஷன் அக்கா, தங்கச்சிமடம்:
மறைத்துத்தான். ஆனால் எல்லாப் படத்திலும் மறையுங்கள், சரியாகப் போட்டதிலும். தப்பில் மட்டும் மறைத்தால் கையெழுத்தை வைத்தே கண்டுபிடித்துவிடுவார்கள்.