புதுப்பிப்பு: மாமா தானாக மூச்சு விடுகிறார்

ராயபுரம் மாமாவுக்குக் கை கால் தளர்ந்து, கில்லன்-பாரே (உடலின் எதிர்ப்புச் சக்தியே நரம்புகளைத் தாக்கும் நோய்) என்றார்கள். ஆக்சிஜன் 98 காட்டும்போது ஐசியூ எதற்கு என்று முன்பு கேட்டிருந்தேன். இப்போது வென்டிலேட்டரை எடுத்துவிட்டார்கள்.

இதில் கெடுவது நுரையீரல் இல்லையாம். உதரவிதானத்தை, அதாவது மூச்சிழுக்க உதவும் தசையை, இயக்கும் நரம்புதான் தளர்கிறது. விரலில் மாட்டும் கருவி கடைசி நேரம் வரை நல்ல எண்ணையே காட்டும். அதனால்தான் ஒரே மூச்சில் எண்ணச் சொன்னார்கள். மாமா 12இலேயே நின்றுவிட்டார். தலையணையிலிருந்து தலையைத் தூக்கவும் முடியவில்லை. அன்றிரவே வென்டிலேட்டர் குழாய் போட்டார்கள். அப்புறம் வழக்கமான 5 நாள் இம்யூனோகுளோபுலின் (ரத்ததானத்திலிருந்து எடுக்கும் எதிர்ப்புப் புரதம்), டிரிப்ஸில்.

ஸ்டீராய்டு பற்றிக் கேட்டவர்களுக்கு: இந்த நோய்க்கு அது பலன் தருவதில்லை.

மனுஷன் இப்போதே காசிமேட்டு வஞ்சிரம் கேட்கிறார். விழுங்குவது சரியாகும் வரை கஞ்சிகூட மூக்குக் குழாய் வழியாகத்தான்.