ஷட்டிலில் இருந்து பிக்கிள்பாலுக்கு வந்தோம், அடிக்க அடிக்கத் தோற்கிறோம்: எதை மாற்றுவது?

மன்னை_காலைக்குழு

எல்லாருக்கும் வணக்கம். மன்னார்குடியில் நாங்கள் எட்டுப் பேர் பல வருடமாகக் காலையில் ஷட்டில் ஆடுகிறவர்கள். எல்லாருக்கும் நாற்பதைத் தாண்டிவிட்டது. சிலருக்குத் தோள்பட்டை வலி வந்ததால் இந்த வருடம் அதே கோர்ட்டில், பேடில் என்கிற தட்டை மட்டையால் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பந்தை அடித்து ஆடுகிற பிக்கிள்பால் ஆரம்பித்தோம். இரண்டுக்கும் கோர்ட் அளவு ஒன்றுதான் என்பதால் புதிதாகக் கோடு எதுவும் போடவில்லை. ஷட்டில் நெட்டையே இறக்கிக் கட்டிக்கொண்டோம்.

எங்களுக்குள் ஆடும்போது நன்றாகத்தான் போகிறது. போன வாரம் கும்பகோணம் பக்கமிருந்து ஒரு குழு வந்தது. எங்களைவிட வயதில் பெரியவர்கள், அதிகம் ஓடவும் இல்லை. நாங்கள் பின்னாலிருந்து ஓங்கி அடித்தோம். அவர்கள் நெட் பக்கத்தில் நின்றுகொண்டு எங்கள் காலடியில் திருப்பி வைத்தார்கள். ஒரு கேமில்கூட நாங்கள் ஐந்தைத் தாண்டவில்லை.

கேட்க விரும்புவது இவ்வளவுதான். சர்வீஸ் போட்ட பிறகு பின்னால் மாட்டிக்கொள்கிறோம், எப்படி முன்னேறி வருவது? நெட்டை மட்டும் தாண்டி எதிராளியின் முன்னால் விழும்படி மெதுவாக டிங்க் செய்யப் பார்த்தால் பந்து மேலே எழும்பி அடி வாங்குகிறது, ஏன்? வாரத்தில் மூன்று நாள், ஒரு மணி நேரம் கிடைக்கும். அதில் எதைப் பழகலாம்?

தஞ்சை_டிரைவ்

அண்ணா, நான் காலேஜில் டென்னிஸ் ஆடிவிட்டு இதற்கு வந்தவன். என் யோசனை: அடிப்பதை நிறுத்த வேண்டாம். மூன்றாவது பந்தை, அதாவது நீங்கள் சர்வீஸ் போட்டு, அவர்கள் ரிட்டர்ன் செய்து, உங்களிடம் வருகிற பந்தை, நெட்டுக்குக் கொஞ்சம் மேலே தாழ்வாக ஒரு டிரைவ் விடுங்கள். எதிராளியின் வலது இடுப்பைக் குறி வையுங்கள். அங்கே வந்தால் பேடிலைத் திருப்ப இடம் இருக்காது, பந்து தூக்கலாகத் திரும்பி வரும். அந்தப் பந்தில் முன்னால் போய்விடலாம். கையில் பவர் இருக்கும்போது அதை ஏன் விட வேண்டும்?

களத்துமேடு

மன்னைத் தம்பி, நான் பாபநாசம் பக்கம். பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். ஊரில் நெல் காயவைக்கிற சிமெண்டுக் களத்தில் கோடு போட்டு ஆடுகிறோம். என் இளவயது முழுக்கப் பூப்பந்து. 1856 வாக்கிலேயே தஞ்சாவூர் அரச குடும்பத்தில் ஆடினார்கள் என்று சொல்லப்படுகிற ஆட்டம் அது. அந்த மஞ்சள் நிற உல்லன் பந்து தரையில் பட்டால் பாயிண்ட் போச்சு. ஷட்டிலும் அப்படித்தான். ஆக உங்கள் கைக்கும் என் கைக்கும் ஒரே பழக்கம்: வருகிற எதையும் காற்றிலேயே மறித்து அடிப்பது. இங்கே அந்தப் பழக்கம்தான் நம்மைத் தோற்கடிக்கிறது.

டெக்னிக்கைப் பேசுமுன் ஒரு டேப் எடுத்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போங்கள். நெட் ஓரத்தில் 36 அங்குலம், நடுவில் 34 இருக்க வேண்டும். ஷட்டில் நெட்டின் வலை மட்டும் மேலிருந்து கீழாக இரண்டரை அடி. அதைச் சரியாக இறக்கிக் கட்டினால் நடுவில் தரைக்கும் நெட்டுக்கும் நான்கு அங்குலம்தான் இடைவெளி தெரியும். அதற்கு மேல் தெரிந்தால் நெட் உயரம் என்று அர்த்தம். உயரமான நெட்டில் பழகின கை எல்லாப் பந்தையும் தூக்கித்தான் போடும். கயிற்றை ரொம்ப முறுக்காமல் கட்டினால் நடுவில் அந்த இரண்டு அங்குலம் தானாக இறங்கும்.

கோடும் அப்படித்தான். கோர்ட் 44 அடிக்கு 20 அடி, இரண்டுக்கும் பொது. ஆனால் ஷட்டிலின் ஷார்ட் சர்வீஸ் கோடு நெட்டிலிருந்து ஆறரை அடியில் இருக்கிறது. கிச்சன் கோடு, அதாவது நின்றுகொண்டு பந்தைக் காற்றில் அடிக்கக் கூடாத, நெட்டை ஒட்டின பகுதியின் கோடு, 7 அடியில் வர வேண்டும். அந்த அரை அடியைத் தள்ளி கலர் டேப் ஒட்டிவிடுங்கள். வெளியூர்க் குழுவோடு ஆடும்போது உங்கள் கால் எல்லாம் அரை அடி உள்ளே போய் நிற்கக் கூடாது அல்லவா.

சரி, இப்போது ஆட்டத்துக்கு வருவோம். இந்த ஆட்டத்தில் சர்வீஸ் போடுகிறவருக்குச் சாதகம் கிடையாது. சர்வீஸ் ஒரு தடவை தரையில் பட வேண்டும், அதன் ரிட்டர்னும் ஒரு தடவை பட வேண்டும். அதற்கப்புறம்தான் யாரும் காற்றில் அடிக்கலாம். அதனால் சர்வீஸ் பக்கத்து ஆட்கள் இரண்டு பேரும் ரிட்டர்ன் விழும்வரை பின்னால் காத்திருந்தே ஆக வேண்டும். எதிர்ப்பக்கத்து ஆளோ ரிட்டர்னை ஆழமாகப் போட்டுவிட்டு நடந்தே கிச்சன் கோட்டுக்கு வந்துவிடலாம். கும்பகோணத்துக்காரர்கள் ஓடவில்லை என்றீர்களே, அவர்களுக்கு ஓட வேண்டிய வேலையே இல்லை. விதியே அவர்களை முன்னால் கொண்டு வந்து நிறுத்திவிடுகிறது. நீங்கள் பின்னால் நின்றுகொண்டு 29 அடி தள்ளி நிற்கிற ஆளை நோக்கி ஓங்கி அடிக்கிறீர்கள். ஓட்டை போட்ட, 25 கிராம் பக்கத்து பிளாஸ்டிக் பந்து அது. காற்று அதைப் பிடித்து இழுக்கும், பாதி வழியிலேயே வேகம் போய்விடும். அவர் பேடிலை நீட்டினால் போதும், பந்து உங்கள் காலடியில் விழும்.

தஞ்சைத் தம்பி சொன்ன டிரைவ் தப்பில்லை. ரிட்டர்ன் குட்டையாக விழுந்து, இடுப்பு உயரத்துக்கு எழும்பி வந்தால் நானும் டிரைவ்தான் அடிப்பேன். ஆனால் ஆழமாக வந்த பந்தை, பின்காலில் சாய்ந்துகொண்டு அடிக்கிற டிரைவ் நாற்பதைத் தாண்டினவர்களுக்குக் கட்டுப்படாது. ஒரே ஒரு கேள்வியைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். பேடில் பந்தைத் தொடும் நொடியில் பந்து நெட்டுக்கு மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா? மேலே என்றால் அடி. கீழே என்றால் வை. கீழே இருக்கிற பந்தை எவ்வளவு ஓங்கி அடித்தாலும் அது முதலில் மேலே ஏறித்தான் ஆக வேண்டும். ஏறின பந்து முன்னால் நிற்கிறவருக்குத் தட்டில் வைத்துக் கொடுத்தது.

‘வை’ என்றால் மூன்றாவது பந்தில் டிராப். பந்து உங்கள் பக்கத்திலேயே தன் உச்சியைத் தாண்டி, நெட்டைக் கடக்கும்போது இறங்கிக்கொண்டிருக்க வேண்டும். எதிராளியின் கிச்சனுக்குள் விழ வேண்டும். அப்போது அவர் கீழிருந்துதான் எடுக்க முடியும், ஓங்க முடியாது. அந்த நேரம்தான் நீங்கள் முன்னால் வருகிற நேரம். ஒரே ஓட்டமாக வர வேண்டாம். எதிராளியின் பேடில் பந்தைத் தொடும்போது நீங்கள் எங்கே இருந்தாலும் நின்றுவிடுங்கள். இரண்டு காலும் அகலமாக, பேடில் நெஞ்சுக்கு முன்னால். அந்தப் பந்தையும் மெதுவாக வைத்துவிட்டு இன்னும் நாலு அடி முன்னால் வாருங்கள். ஒரே டிராப்பில் கோட்டுக்கு வந்துவிட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

டிங்க் எழும்புவதற்குக் காரணம் பெரும்பாலும் மணிக்கட்டு. ஷட்டிலில் மணிக்கட்டை வெட்டித்தான் பாயிண்ட் எடுத்தோம். இங்கே அது ஓய்வெடுக்கட்டும். பந்தியில் ரசம் ஊற்றுகிறவரைக் கவனியுங்கள்: மணிக்கட்டை ஆட்டமாட்டார், குனிந்து கையை மொத்தமாக இலை வரைக்கும் கொண்டுபோவார். டிங்க் அந்தக் கைதான். முழங்கால் மடியட்டும், பேடிலின் முகம் கொஞ்சம் திறந்திருக்கட்டும், தோளிலிருந்து கை ஊசலாடட்டும். பந்தை உடம்புக்கு முன்னால், உங்கள் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் தொடுங்கள். பக்கவாட்டில் வரவிட்டுத் தொட்டால் மணிக்கட்டு தானாக வேலைக்கு வந்துவிடும். பிடி எவ்வளவு இறுக்கம் என்று ஒரு தடவை நிறுத்திப் பாருங்கள். முழு பலத்தைப் பத்து என்று வைத்தால் மூன்று, நான்குக்கு மேல் போகக் கூடாது. என் மாணவர்களிடம் பேடிலைப் பிடித்திருக்கும்போதே நான் அதைப் பிடுங்கிப் பார்ப்பேன். எளிதாக வந்துவிட்டால் பிடி சரி.

டிங்க்கை மூலைவிட்டமாகப் போடுங்கள். கிச்சன் கோட்டிலிருந்து கோட்டுக்கு நேராக 14 அடிதான். ஓரத்திலிருந்து எதிர் ஓரத்துக்கு 24 அடிக்கு மேல் வரும். பந்து தரையிறங்க அவ்வளவு இடம், போதாததற்கு நெட்டும் நடுவில்தான் தாழ்வு.

பயிற்சிக்கு வருகிறேன். ஒரு மணி நேரத்தில் முதல் இருபது நிமிடம் மேட்ச் வேண்டாம். நாலு பேர் கிச்சன் கோட்டில் நின்று மூலைவிட்டமாக டிங்க், இரண்டு பந்து ஒரே நேரத்தில் ஓடலாம். மிச்ச நாலு பேர் ஏதாவது ஒரு சுவரில் 34 அங்குல உயரத்தில் சாக்பீஸால் கோடு போட்டு, ஏழு அடி தள்ளி நின்று, கோட்டுக்குச் சற்று மேலே படும்படி மெதுவாகத் தட்டட்டும். பத்து நிமிடத்தில் மாறிக்கொள்ளுங்கள். அப்புறம் டிராப். ஒருவர் கிச்சன் கோட்டில் நின்று பந்து கொடுக்க, மற்றவர் தன் கிச்சன் கோட்டில் ஆரம்பித்து, தொடர்ந்து சில பந்து சரியாக விழுந்தால் ஒரு அடி பின்னால் போக வேண்டும். விழாவிட்டால் ஒரு அடி முன்னால். கடைசிக் கோட்டுக்குப் போய்ச் சேர வாரக்கணக்காகும், ஆகட்டும். மிச்ச நேரம் மேட்ச் ஆடுங்கள், ஒரு நிபந்தனையோடு: நெட்டுக்குக் கீழே இருக்கிற பந்தை ஓங்கி அடித்தால் அது ஃபால்ட். இரண்டு வாரம் எரிச்சலாக இருக்கும். அதற்குப் பிறகு ரேலி நீளும், அந்த நீளமான ரேலியில் ஒரு சுகம் இருக்கிறது தம்பி. ஐந்து தடவை மெதுவாக வைத்து, ஆறாவதாக எதிராளி கொஞ்சம் தூக்கிவிட்டதும் அடிக்கிற அந்த ஒரு அடிக்காகவே நான் தினமும் போகிறேன்.

குடந்தை_ஜோடி

களத்துமேடு சார் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். நானும் என் கணவரும் சேர்ந்து ஆடுகிறோம். எதிராளிகள் எல்லாப் பந்தையும் என்னிடமே போடுவார்கள், அவர் பொறுக்காமல் என் பக்கத்துக்குத் தாவுவார், காலியான அவர் பக்கத்தில் பந்து விழும். இதை மாற்ற எட்டடிக் கயிறு ஒன்றை ஆளுக்கொரு முனையாகப் பிடித்துக்கொண்டு, பந்தே இல்லாமல் கோர்ட்டில் நகர்ந்து பழகினோம். நான் ஓரத்துக்குப் போனால் அவர் நடுவுக்கு வர வேண்டும், நான் பின்வாங்கினால் அவரும் பின்வாங்க வேண்டும். கயிறு இழுபடவும் கூடாது, தரையில் கிடக்கவும் கூடாது. நடுவில் வருகிற பந்து யாருக்கு ஃபோர்ஹேண்டோ அவருக்கு. அதையும் வாய்விட்டுச் சொல்லிவிடுவோம்: ‘எனக்கு’, ‘உனக்கு’, ‘விடு’. ‘விடு’ ரொம்ப முக்கியம். தோள் உயரத்தில் வேகமாக வருகிற பந்து பெரும்பாலும் வெளியே போகிற பந்துதான், ஷட்டில் பழக்கத்தில் கையை நீட்டிவிடாதீர்கள்.

இன்னொன்று அண்ணா, கிச்சனுக்குள் கால் வைக்கவே கூடாது என்று பலர் நினைக்கிறார்கள். பந்து தரையில் பட்ட பிறகு எடுக்கத் தாராளமாக உள்ளே போகலாம். காற்றில் அடிக்கும்போதுதான் உள்ளேயோ கோட்டிலோ கால் படக் கூடாது. அடித்த வேகத்தில் தடுமாறி உள்ளே போனாலும் ஃபால்ட்தான்.

மன்னை_காலைக்குழு

எல்லாருக்கும் நன்றி. இன்று காலையில் முதல் வேலையாக நெட்டை அளந்தோம். நடுவில் 39 அங்குலம்! இறக்கிக் கட்டினதுமே டிராப் பாதி சரியாகிவிட்டது. டேப்பும் ஒட்டிவிட்டோம். அந்த ‘அடி, வை’ நிபந்தனையில் ஒரு கேம் ஆடினோம், யாரும் பேசிக்கொள்ளாமல் கவனமாக ஆடினது இதுதான் முதல் தடவை. சார், ஒரு சந்தேகம். எங்கள் கோர்ட் திறந்த வெளி. இந்த ஆடிக் காற்றில் மெதுவாக வைக்கிற பந்து எங்கேயோ போகிறது. காற்றில் என்ன செய்வீர்கள்?

களத்துமேடு

பந்து எது என்று பாருங்கள். சின்ன ஓட்டையாக 40 இருந்தால் வெளியில் ஆடுகிற பந்து. பெரிய ஓட்டையாக 26 இருந்தால் அது உள்ளரங்கத்துப் பந்து, ஆடி மாதத்தில் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

ஆடியில் நமக்கு மேல்காற்று. கோர்ட் வடக்கு தெற்காக இருந்தால் பந்து கிழக்கு ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டு போகும். ஓரக் கோட்டைக் குறி வைக்காமல் இரண்டடி உள்ளே வையுங்கள். கிழக்கு மேற்காக இருந்தால், எதிர்க்காற்றில் டிராப்பைக் கொஞ்சம் நீட்டமாகவும், காற்று முதுகில் இருக்கும்போது நெட்டைத் தாண்டினால் போதும் என்ற அளவிலும் விடுங்கள். எதிராளியின் தலைக்கு மேலே தூக்கிப் போடுகிற லாப் வேண்டவே வேண்டாம். ஆறு புள்ளி வந்ததும் பக்கம் மாறிக்கொண்டால் இரண்டு தரப்புக்கும் நியாயம். சீக்கிரமாக ஆரம்பியுங்கள், வெயில் ஏற ஏறக் காற்றும் ஏறும்.

எதிராளி லாப் போட்டால் பின்பக்கமாகவே ஓடி அதை எடுக்கப் போகாதீர்கள். நம் வயதில் மணிக்கட்டு முறிவதும் தலையில் அடிபடுவதும் அப்படித்தான். உடம்பைத் திருப்பி, பக்கவாட்டில் ஓடி எடுங்கள், எட்டாவிட்டால் பாயிண்ட்டை விட்டுவிடுங்கள். நடைப்பயிற்சி ஷூ போட்டு ஆடுகிறவர்கள் இருந்தால் ஷட்டில் ஷூவுக்கு மாறச் சொல்லுங்கள். எங்கள் களத்தில் பதரும் தூசியும் கிடக்கும், பெருக்காமல் ஒரு சர்வீஸ்கூடப் போடவிடமாட்டேன்.

புரட்டாசியில் குறுவை நெல் வந்துவிட்டால் களம் எங்களுக்கு இல்லை. அதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை எட்டுப் பேரும் வாருங்கள், நெட்டும் பந்தும் நாங்கள் வைத்திருக்கிறோம். கயிற்றோடு குடந்தை ஜோடியும் வந்தால் இன்னும் நல்லது.