முதியவர்கள் துப்பறியும் படம் ஏன் இப்படிச் சப்பென்று போயிற்று?

பிரிக்ஃபீல்ட்ஸ் வாசகி:
அனைவருக்கும் வணக்கம். முதியோர் குடியிருப்பில் வாழும் நால்வர் கொலைகளைத் துப்பறிவதாக ரிச்சர்ட் ஒஸ்மன் 2020இல் எழுதிய ‘தி தர்ஸ்டே மர்டர் கிளப்’ நாவலை, பணி ஓய்வு பெற்ற நாங்கள் சிலர் எங்கள் வாசகர் வட்டத்தில் விரும்பிப் படித்திருந்தோம். ஆகவே, கிறிஸ் கொலம்பஸ் இயக்கத்தில் 2025 ஆகஸ்டு மாதம் நெட்ஃபிளிக்ஸில் வெளிவந்த படத்தைத் தோழி ஒருவரின் வீட்டில் கூடிப் பார்த்தோம். ஹெலன் மிரன், பென் கிங்ஸ்லி, பியர்ஸ் பிராஸ்னன், சீலியா இம்ரி என்று நடிகர்களுக்குக் குறைவே இல்லை. ஆனாலும் பாதிப் படத்திலேயே இருவர் கைப்பேசியை எடுத்துவிட்டார்கள். யார் கொலையாளி என்று தெரிந்தபோதுகூட ஒருவரும் வாய் திறக்கவில்லை. குறை படத்தில்தானா, அல்லது இரத்தமும் கொடூரமும் கண்ணில் படாத இந்த வகைத் துப்பறியும் கதையே இவ்வளவுதானா?

செந்தூல் ஓய்வாசிரியர்:
குறை படத்தில்தான், அம்மா. நாவலின் உயிர் ஜாய்ஸின் நாட்குறிப்பில் இருக்கிறது. நால்வரில் ஒருவரான, தாதியாக வேலை பார்த்து ஓய்வு பெற்ற அந்தப் பெண்மணி, கேக் சுட்டதையும் பிணம் கிடந்ததையும் ஒரே மூச்சில் எழுதிக்கொண்டு போகிறார். அந்த வளவளப்புக்கு நடுவில்தான் தடயங்கள் ஒளிந்திருக்கின்றன. படத்தில் அந்த நாட்குறிப்புக்கு அதே இடம் கிடைக்கவில்லை என்பதால், தடயங்கள் ஒவ்வொன்றும் அறிவிப்புப் பலகையைப் போல நம் முன்னால் வந்து நிற்கின்றன. மற்ற மூவரில் எலிசபெத் முன்னாள் உளவாளி, இப்ராஹிம் மனநல மருத்துவர், ரான் தொழிற்சங்கத் தலைவர் என்பதெல்லாம் அறிமுகத்தோடு சரி. வழக்கை அவிழ்க்க அந்த அனுபவம் போதிய அளவு பயன்படவில்லை.

ஜார்ஜ்டவுன் புத்தகப்புழு:
முடிவைச் சொல்லப் போகிறேன். படிக்காதவர்கள் இந்தப் பதிவைத் தாண்டிச் செல்லலாம். நாவலில் கட்டுமானத் தொழிலாளி போக்தான் செய்யும் கொலை திட்டமிட்ட பழிவாங்கல். மறதி நோயால் அவதிப்படும், எலிசபெத்தின் கணவர் ஸ்டீபன் சதுரங்கப் பலகையின் முன்னால் உட்கார்ந்து அதைக் கண்டுபிடிக்கிறார். ஆனாலும் போக்தான் கைதாவதில்லை. நமக்குப் பிடித்துப்போன ஒருவன் கொலைகாரன் என்ற உறுத்தலோடு புத்தகத்தை மூடுகிறோம். படமோ அதைக் கைப்பிசகாக நேர்ந்த மரணமாக மாற்றி, அவனைக் காவல் துறையிடம் ஒப்படைத்துக் கணக்கை நேர் செய்துவிடுகிறது. உங்கள் தோழியர் வாய் திறக்காததில் வியப்பில்லை. விவாதிப்பதற்கு அங்கே எதையும் மிச்சம் வைக்கவில்லையே!

கிள்ளான் சாலைக்காரர்:
எனக்குப் படம் பிடித்திருந்தது. ஹெலன் மிரனும், ஸ்டீபனாக வரும் ஜோனதன் பிரைஸும் சேர்ந்து தோன்றும் காட்சிகளுக்காகவே இன்னொரு முறை பார்ப்பேன். துப்பறிதல் சுமார்தான், அதை மறுக்கவில்லை.

செந்தூல் ஓய்வாசிரியர்:
அந்தக் காட்சிகள் நன்றாக இருந்தன என்பதை நானும் ஏற்கிறேன். ஆனால் சகோதரி கேட்டது இந்த வகைக் கதையைப் பற்றியும்தான். அகதா கிறிஸ்டி படைத்த முதிய துப்பறிவாளர் மிஸ் மார்ப்பிள் 1927இல் ஒரு சிறுகதையில் அறிமுகமானார். அவர் வரும் முதல் நாவல் 1930இல் வந்தது. சந்தேகத்துக்குரிய ஒவ்வொருவரையும் தம் சிற்றூரில் பார்த்துப் பழகிய யாரோ ஒருவரோடு ஒப்பிட்டே அவர் உண்மையை எட்டுகிறார். அத்தனை மனிதர்களைப் பார்த்துத் தீர்த்த வயது இல்லாவிட்டால் அந்த முறையே கிடையாது. நம் அடுக்குமாடிகளிலும் இதைக் காணலாம்: காலை பத்து மணியாகியும் ஒரு வீட்டு இரும்புக்கதவில் நாளிதழ் செருகியபடியே இருந்தால், எதிர்வீட்டுப் பாட்டிதான் முதலில் கதவைத் தட்டுவார், ருக்குன் தெத்தாங்கா என்ற அக்கம்பக்கக் காவல் குழுவின் ரோந்துக்காரர்கள்கூட அவரிடம்தான் விசாரிப்பார்கள். இப்படிப்பட்ட பாட்டியை நாயகியாக்கி ஒருவர் எழுதினால் நான் முதல் ஆளாக வாங்குவேன். படத்தில் வருபவர்களின் வயதை நாற்பதாகக் குறைத்துவிட்டாலும் விசாரணை பெரிதாக மாறாது என்பதுதான் என் மனக்குறை.

பிரிக்ஃபீல்ட்ஸ் வாசகி:
நன்றி ஐயா, நன்றி நண்பர்களே. எங்கள் வட்டத்தின் அடுத்த கூட்டத்துக்கு மிஸ் மார்ப்பிள் கதைகளையே எடுத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். நாவலாகத் தொடங்குவதா, சிறுகதைகளா?

செந்தூல் ஓய்வாசிரியர்:
1932இல் வெளிவந்த ‘தி தர்ட்டீன் ப்ராப்ளம்ஸ்’ தொகுப்பை எடுங்கள். ஒருவர் புதிரைச் சொல்ல, சுற்றியிருப்பவர்கள் விடையை ஊகிப்பதாகவே கதைகள் அமைந்திருப்பதால் வட்டத்துக்குப் பொருத்தமாக இருக்கும். மிஸ் மார்ப்பிள் வாய் திறப்பதற்கு முந்தைய பக்கத்தோடு வாசிப்பை நிறுத்திவிட்டு, எல்லாரிடமும் குற்றவாளியின் பெயரைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.