துரைக்கு எழுதும் கடிதத்தில் ‘ஹோப்ஃபுலி’ வரலாமா?

மஸ்கெலியா தம்பி:
எங்கள் தோட்டத்தில் மேல் டிவிசனுக்குப் போகும் பாதை குண்டும் குழியுமாகக் கிடக்கிறது. ஸ்கூல் வேன்காரர் ஏற மாட்டேன் என்கிறார். லயத்து (தொழிலாளர் வரிசை வீடுகளின்) ஆட்களுக்காகத் துரைக்கு, அதாவது தோட்ட மேனேஜருக்கு, ஆங்கிலத்தில் கடிதம் எழுதினேன். கடைசி வரி: ‘ஹோப்ஃபுலி, த ரோட் வில் பி ரிப்பேர்ட் பிஃபோர் மே.’ சங்கத்துப் பெரியவர் ஒருவர் முதல் சொல்லை வெட்டிவிட்டார். அது பிழையா?

ஹட்டன் மாஸ்டர்:
வெட்டியது சரிதான். அதற்குப் பொருள் ‘நம்பிக்கையோடு’. ‘பரீட்சை முடிவுக்காக அவள் ஹோப்ஃபுலி காத்திருந்தாள்’ என்றால் நம்பிக்கை அவளுடையது. உங்கள் வரியில் யாருக்கு நம்பிக்கை, பாதைக்கா?

பதுளைக்காரி:
கோபிக்காதீங்க மாஸ்டர், இந்தச் சண்டை அமெரிக்காவில் 1960களிலேயே சூடு பிடித்தது. அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் 2012இல் தன் நடைக் கையேட்டில் ‘நம்புகிறோம்’ என்ற பொருளுக்கும் இடம் கொடுத்துவிட்டது. ‘ஃப்ராங்க்லி, கொழுந்து விலை சரியில்லை’ என்று நீங்களும்தான் சொல்வீர்கள். அங்கே ஒளிவுமறைவு இல்லாமல் பேசுவது கொழுந்தா?

ஹட்டன் மாஸ்டர்:
அதை ‘ஃப்ராங்க்லி ஸ்பீக்கிங்’ என்று விரிக்கலாம். ‘ஹோப்ஃபுலி ஸ்பீக்கிங்’ என்று யாராவது சொல்வார்களா?

பதுளைக்காரி:
சரி, ‘தேங்க்ஃபுலி, மழை விட்டது’ என்பதை விரியுங்கள் பார்ப்போம். நன்றி சொன்னது மழையா?

பண்டாரவளை வாசகன்:
இடையில் வருகிறேன், மன்னிக்கணும். ‘ஹோப்’ லத்தீனிலிருந்து வந்ததல்ல, பழைய ஆங்கிலச் சொல். கடைசியில் ஒட்டும் ‘லி’, ‘உடல்’ என்ற பழைய சொல்லுக்கு உறவு. உடல், உருவம், அப்புறம் ‘விதம்’ என்று பொருள் நகர்ந்தது. ஆக, ‘நம்பிக்கை நிறைந்த விதத்தில்’ என்பதே முதல் பொருள். அதில் மாஸ்டர் சொல்வது சரி. ஆனால் ஜெர்மன்காரர்களிடம் இதற்கு இரண்டு சொற்கள்: நம்பிக்கையோடு என்றால் ‘ஹொஃப்னுங்ஸ்ஃபோல்’, நடக்கும் என்று நம்புவோம் என்றால் ‘ஹொஃபென்ட்லிஷ்’. ஆங்கிலம் ஒரே ஆளிடம் இரண்டு வேலையும் வாங்குகிறது (சம்பளம் ஒன்றுதான், நம்ம தோட்டம் மாதிரி).

அதனால் சொல் நிற்கும் இடத்தைப் பாருங்கள். ‘ஹோப்ஃபுலி, ஷி வில் வெயிட்’ என்று முன்னால் கமாவோடு வந்தால், காத்திருப்பாள் என்று நாம் நம்புகிறோம். ‘ஷி வில் வெயிட் ஹோப்ஃபுலி’ என்றால் நம்பிக்கை அவளுடையது.

மஸ்கெலியா தம்பி:
அப்போ திரும்பப் போடவா?

ஹட்டன் மாஸ்டர்:
இலக்கணத்தை விடு தம்பி, மனுவைப் பார். தமிழில் எழுதினால் ‘திருத்தித் தருவீர்கள் என நம்புகிறோம்’ என்றுதானே முடிப்பாய்? நம்புகிறவர்களும் தெரியும், செய்ய வேண்டியவரும் தெரியும். உன் ஆங்கில வரியில் இரண்டு பேரையும் காணோம். துரை வாசித்துவிட்டு, ‘ஆமாம், நானும் அப்படித்தான் நம்புகிறேன்’ என்று ஃபைலை மூடிவிடுவார்.

பதுளைக்காரி:
துரை தப்பித்துக்கொள்வார் என்பது சரி. ஆனால் அவரை மறைத்தது, யார் திருத்துவது என்று சொல்லாத ‘வில் பி ரிப்பேர்ட்’, பாவம் ‘ஹோப்ஃபுலி’ இல்லை. பெரியவர் வெட்டியது தப்பான இடத்தை.

ஹட்டன் மாஸ்டர்:
இரண்டுக்கும் பங்கு உண்டு. நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

மஸ்கெலியா தம்பி:
‘வீ ரிக்வெஸ்ட் யூ டு ரிப்பேர் த ரோட் பிஃபோர் மே’ என்று மாற்றிவிட்டேன். மே மாதம் மழை பிடித்தால் அந்த ஏற்றத்தில் ட்ராக்டர்கூட ஏறாது. பெரியவரும் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

ஹட்டன் மாஸ்டர்:
திகதி போட்டாயா? கொடுக்கும்போது ஒரு பிரதியில் ஆபீஸ் சீல் வாங்கி வைத்துக்கொள்.