கிராங்க் ஆயில் சீல் மாற்றுகிறேன், ஒரு சந்தேகம்

எல்லோருக்கும் வணக்கம். அப்பா ஆசையாக ஓட்டிய 2003 மாடல் கார். 796 சிசி, மூன்று சிலிண்டர் பெட்ரோல். காலையில் வண்டியை நகர்த்தினால் தரையில் உள்ளங்கை அகலத்துக்கு ஆயில் கறை. கவரைக் கழற்றிப் பார்த்தேன். இன்ஜினின் முக்கியத் தண்டான கிராங்க் ஷாஃப்டின் முன்பக்க சீல்தான் (ஆயில் வெளியே வராமல் தடுக்கும் ரப்பர் வளையம்) கசிகிறது, டைமிங் பெல்ட்டும் ஆயிலில் ஊறிவிட்டது. புது பெல்ட் வாங்கியாயிற்று. இன்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் பிசிவி வால்வு அடைத்திருந்தால் உள்ளே அழுத்தம் ஏறிப் புது சீலும் கசியும் என்பதால் அதையும் சுத்தம் செய்துவிட்டேன்.

பழைய சீலை வெளியே எடுத்தால் ஷாஃப்டைத் தொடும் அதன் உள்விளிம்பு, அதாவது உதடு, கல்லாக இறுகியிருக்கிறது. சரி, அது எதிர்பார்த்ததுதான். ஆனால் அது உரசிய இடத்தில் ஷாஃப்டில் மெல்லிய பள்ளம். நகத்தை ஓட்டினால் தட்டுப்படுகிறது. புது சீலை ஒரு மில்லிமீட்டர் வெளியே நிறுத்தி, உதடு பள்ளத்தில் படாதபடி பொருத்தினால் போதுமா? இல்லை, பள்ளத்தை மூடும் மெல்லிய உலோக உறையான ரிப்பேர் ஸ்லீவ் போட்டே ஆக வேண்டுமா?

அப்புறம் இன்னொன்று. சீலைத் தட்டி உட்கார வைக்க அதே விட்டத்தில் பிவிசி பைப் துண்டு வைத்திருக்கிறேன். கோணாமல் இறங்குமா? பின்பக்க சீல் உலர்ந்துதான் இருக்கிறது, அதனால் கியர்பாக்ஸை இறக்கவில்லை. வீட்டிலேயே இதைச் செய்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை பூட்டலாம் என்றிருக்கிறேன்.